மெழுகுக்கட்டி

கோவில்பட்டின்னு சொன்னா ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்குறது கடலை மிட்டாய். அடுத்தது தீப்பெட்டி. தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னாடி மெழுகில் முக்குவாங்க, அப்பத்தான் தீ குச்சிக்கு இறங்கும். எங்க அத்தை இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க. ஆஸ்பத்திரி லேப்லயும் மெழுகு இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சது அத்தைக்கு மார்பில் கட்டி வந்த பிறகுதான்.

கட்டியின் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசா சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க. அதில் தேடும் ஒரு புரதம் ஹெர்2. 0, 1+, 2+, 3+ என்று மார்க் போடுவாங்க. 3+ வந்தால் ட்ராஸ்டுஜுமாப் ஊசி கேட்க வாய்ப்பு அதிகம். 2+ வந்தால் இன்னொரு டெஸ்ட். திசு பயோமார்க்கர்னு சொல்றது இதைத்தான்.

மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத்தான் ஹெர்2 அதிகமா இருக்கும். எல்லாருக்கும் இந்த மருந்தைக் கொடுத்துச் சோதிச்சிருந்தா, பலன் சராசரிக்குள்ள காணாமப் போயிருக்கும். நம்ம பாஷையில் சொன்னா, சிக்னல் நாய்ஸில் மூழ்கியிருக்கும். அதனால திசுவைப் பார்த்து 469 பெண்களைத் தேர்ந்தெடுத்தாங்க. கீமோ மட்டும் எடுத்தவங்க நடுத்தரமா 20.3 மாதம் வாழ்ந்தாங்க. மருந்தும் சேர்ந்தவங்க 25.1 மாதம். 1998-ல் அமெரிக்காவில் மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் ஒண்ணாவே அனுமதி கிடைச்சது. 2014-ல் பெங்களூரு பயோகான் விலை குறைஞ்ச வடிவத்தை இங்கே கொண்டுவந்தது.

ஆனா இவ்வளவு பெரிய அறிவியலும் ஒரு டப்பாவை நம்பித்தான் இருக்கு. திசுவை வெட்டி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபார்மலினில் போடணும். 6 மணி நேரத்துக்குக் குறையாம, 72 மணி நேரத்தைத் தாண்டாம ஊறணும். அத்தைக்கு ஆபரேஷன் நடந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கட்டியை வெட்டாம முழுசா சின்ன டப்பாவில் திணிச்சு, திங்கட்கிழமை லேபுக்குக் கொண்டு போங்கன்னு மாமா கையில் கொடுத்துட்டாங்க. ஃபார்மலின் உள்ளே மெதுவாத்தான் இறங்கும். நடுவில் திசு கெட்டுப்போச்சு. 'ஹெர்2 சொல்ல இயலாது'ன்னு ரிப்போர்ட் வந்தது. கட்டியை எடுத்தாச்சு, இனி எதை வச்சுப் பாக்குறது?

அக்குளில் எடுத்த நெறிக்கட்டி தனி டப்பாவில் இருந்தது. சின்னதா இருந்ததால நல்லா ஊறியிருந்தது. அதில் பார்த்தாங்க: 3+. அத்தைக்கு இப்போ மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. அந்த நெறிக்கட்டி இல்லாமப் போயிருந்தா, மருந்து இருந்தும் அத்தைக்குக் கிடைச்சிருக்காது.

"ஏய்யா, எஞ் சதைய அங்க வச்சு என்ன செய்வாக?"ன்னு அத்தை கேட்டாங்க.

நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸ், 480 மார்பகப் புற்றுநோயாளிகளோட மாதிரிகளிலிருந்து பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸை வெளியிட்டது. நம்ம ஆளுங்களுக்கான அடுத்த மருந்தை இந்த மாதிரித் தொகுப்புகளில்தான் தேடுவாங்க. கரிசல் காட்டுல இருந்து போற திசு டப்பாவிலேயே கெட்டுட்டா, நாம அந்தக் கணக்கிலேயே வரமாட்டோம்.

உங்க வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்தா, ஃபார்மலினில் எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னு கேளுங்க. லேபுக்கு அன்னைக்கே போகுதான்னு பாருங்க. ரிப்போர்ட் வந்ததும் அந்த மெழுகுக்கட்டி எங்கே இருக்குன்னும் கேட்டு எழுதி வைங்க. அதுக்கு டாக்டருக்குப் படிச்சிருக்கணும்னு இல்ல.