சக்கிமுக்கிக் கல்லும் என் தந்தையாரும்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

பீங்கானுக்குப் பெயர் பெற்ற நம் விருத்தாசலத்தில் பிறந்தவன் நான். களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்ந்தால்தான் பீங்கான். குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைப்பதே என் தந்தையாரின் வேலை. மாலையில் வீடு திரும்பும்போது அவர் புருவம்கூட வெளுத்திருக்கும். வாயில் கட்டிய துண்டு ஒன்றே அவருக்குக் காப்பு.

சென்ற கோடை விடுமுறையில் நண்பனோடு வெள்ளாற்றைக் கடந்து, செந்துறைப் பக்கமுள்ள நின்னியூருக்குச் சென்றேன். 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், டைனோசர்கள் அழிந்ததை அடுத்து, அங்கே கடல் இருந்தது. அக்கடலில் படிந்த பாறைகளில் பாசிகளின் எச்சங்கள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எல். ராமராவும் வியன்னாவின் ஜூலியஸ் பியாவும் 1936இல் நூல் வெளியிட்டனர். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவச் செய்து, நுண்ணோக்கியில் பார்ப்பதே இத்தகைய ஆய்வின் முறை.

அங்கிருந்து இரண்டு கற்களைக் கொண்டுவந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் ஒன்று நுரைத்தது, அது சுண்ணாம்புக்கல். மற்றொன்று அசையவில்லை. இரும்பு ஆணியால் கீறினேன், ஆணிதான் தேய்ந்தது. அதுவே சக்கிமுக்கி. நீரில் கரைந்துவரும் சிலிக்கா, சுண்ணாம்பு இருந்த இடத்தில் தான் குடியேறி இறுகினால் இக்கல் உண்டாகும். அப்போது உள்ளே சிக்கிய உயிரின் வடிவம் கோடி ஆண்டுகள் ஆனாலும் அழியாமல் நிற்கும்.

சிலிக்கா எளிதில் கரையாது என்பதை வியந்து படித்த அதே மாதத்தில்தான் தந்தையாரின் எக்ஸ்ரே வந்தது. நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து தழும்பாகிவிட்டது என்றார் மருத்துவர். அந்தத் தழும்பை ஆற்ற மருந்தில்லையாம்.

அன்றிரவு சக்கிமுக்கியை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை அரைச்சாலும் எங்க மாவு மாதிரிதான் வருமாடா?”

“ஆமாம்ப்பா. ரெண்டும் ஒரே சிலிக்காதான்.”

“அப்படின்னா அரைக்காம வையி” என்றவர், இருமல் அடங்கியதும் சிரித்தார்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை பீங்கான் தொழிலுக்குத்தான் செல்வோம். கல்லை நனைத்து அரைத்தால் தூசி பறப்பது வெகுவாகக் குறையும். தண்ணீருக்கும் நல்ல முகக்கவசத்துக்கும் ஆகும் செலவு பெரிதன்று. முதல் நாளே கேட்டு வாங்குங்கள். என் தந்தையார் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்குச் சொல்வாரும் இல்லை.