உப்புப் பார்க்க ஓர் ஆள்

பிப்ரவரி 9, வெள்ளி

எல்டிஎல் 168. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி அல்ல. மாதவிலக்கு நின்று எத்தனை நாளாயிற்று என்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இந்தக் கொழுப்பு ஏறுவது வழக்கமாம். அப்பா மாரடைப்பில் போனதையும் எழுதிக்கொண்டார். சர்க்கரையும் பிரஷரும் சரியாக இருப்பதால் மாத்திரைக்கு மூன்று மாதம் தவணை. “கறியக் கொறைங்க, நெய்யக் கொறைங்க, நடங்க.”

குறைப்பது எங்கள் வீட்டில் ஆகிற காரியமல்ல. அரிசிம்பருப்புச் சோறு தட்டில் விழுந்தால் நெய்க்கிண்ணம் தானாகப் பக்கத்தில் வந்துவிடும். அரைக் கரண்டியா ஒரு கரண்டியா என்று தினமும் என்னோடு நானே பேரம் பேச முடியாது. ஆகவே மொத்தமாக விட்டுவிடுவது என்று முடிவு. கறி, முட்டை, பால், தயிர், மோர், நெய் எல்லாமே. 1944-ல் டொனால்டு வாட்சன் என்ற இங்கிலாந்துக்காரர் ‘வீகன்’ என்று பேர் வைத்துத் தொடங்கிய வழி. அவருக்கு அது உயிர்களுக்காக. எனக்கு என் ரத்தக்குழாய்க்காக. இதில் பெருமை பேச ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

என் உடம்புக்காக மற்றவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? வீட்டுக்காரர் வழக்கம்போல் கறி எடுத்து வந்தார், நான் வழக்கம்போல் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும் கரண்டியில் அள்ளி உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைக்கப் போனவள் நின்றுவிட்டேன். மகளைக் கூப்பிட்டேன்.

“உப்பு இருக்குதா பாரு.”

“இருக்குதும்மா.”

“போதுமா?”

“எனக்கென்ன தெரியும்? நீதான எப்பவும் சொல்லுவ!”

அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நடுவில் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வந்தார்.

எனக்குக் கொள்ளுப்பருப்பு. வேகவைத்த தண்ணீரில் ரசம், கடைந்த கொள்ளில் பூண்டும் சீரகமும். சாப்பிடும்போதுதான் யோசித்தேன்: இட்லி, சந்தகை, ராகிக்களி, கீரைக் கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு என்று நாங்கள் ஆக்குவதில் முக்கால்வாசி ஏற்கெனவே பால் படாதது. மேலே ஊற்றுவதும் கடைசியில் பிசைவதும்தான் மாட்டினுடையது.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஆபீசுக்கு எதிரே பேக்கரி. ஈரோட்டில் டீக்கடைக்கும் அதுதான் பேர். வரக்காப்பியோடு ஒரு வெஜிடபிள் பப்ஸ் சொன்னேன். கறி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. கடித்தால் அடுக்கடுக்காக உதிர்கிறது. அந்த அடுக்கெல்லாம் எதனால் வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, “டால்டாதானுங்க” என்றார். ஆக வாட்சன் கணக்கில் இது பாஸ், என் கணக்கில் ஃபெயில்.

கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் மட்டும்தான் உண்டு, சரி. ஆனால் நம் ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதியை நம் கல்லீரலே செய்துகொள்கிறது. எல்டிஎல்லை ஏற்றிவிடுவதில் பெரிய பங்கு நிறைவுற்ற கொழுப்புக்கு. அது செடியிலிருந்து வந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். நெய்யில் அது 60 சதவீதத்தை ஒட்டி. தேங்காயெண்ணெயில் 80-க்கும் மேல்! எங்கள் பக்கம் தாளிப்பு கடலெண்ணெயில். அந்த மட்டில் பிழைத்தேன். சந்தகைக்குத் தேங்காய்ப்பால் மட்டும் இனி இல்லை. எள்ளும் வெல்லமும் இடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 9, சனி

கோபி பக்கம், அம்மா வீடு. சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கூடவே போனேன். அங்கே பாலை அளப்பதோடு கொழுப்பையும் பார்க்கிறார்கள். விலையே அதை வைத்துத்தான். மெஷினில் 7.1 என்று விழுந்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் லேபில் கட்டிவிட்டு வந்த பணத்தை நினைத்துக்கொண்டேன். கொழுப்பு கூடினால் அம்மாவுக்கு வரவு, எனக்குச் செலவு.

“எருமையப் பீச்சித்தான் உங்களையெல்லாம் வளத்துனேன். இப்ப நம்மூட்டுப் பாலு உனக்கு ஆவாதாக்கும்?”

“ஆவாதுன்னு இல்லம்மா. ரத்தத்துல கொழுப்பு.”

“அப்ப மாட்டுப்பாலக் குடி கண்ணு. எருமப்பாலுல பாதிதான் கொழுப்பு.”

கணக்குச் சரிதான். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவளிடம் பால் கொழுப்பைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியாது. கடைசியில் கருப்பட்டி போட்டு வரக்காப்பி கொடுத்தாள். பக்கத்து வீட்டு அத்தை வந்து என் டம்ளரைப் பார்த்ததும் அம்மா பதறிப்போய்ச் சொன்னது: “ஊட்ல பாலிருக்குதுங்க அக்கா, புள்ளதான் வேண்டாங்கறா.” கறுப்பாகக் காப்பி குடிப்பதில் எனக்குக் கஷ்டமில்லை. கொடுத்தவளுக்குத்தான் அவமானம்.

மார்ச் 17, ஞாயிறு

தயிர் இல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு வழி கண்டாயிற்று. இரவு ஊறவைத்த நிலக்கடலையைத் தோல் போக அலசி, தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தேன். அந்தப் பாலைக் கை விடாமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும். விட்டால் அடிப்பிடித்து வீடே வறுகடலை வாசம். விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் உறைக்குப் பச்சைமிளகாய்க் காம்பு ஏழெட்டைக் கழுவிப் போட்டு மூடி வைத்தேன். காம்பில் இருக்கும் பாக்டீரியாவே போதுமாம். விடிந்து பார்த்தால் லேசாக இறுகி, ஓரத்தில் தண்ணீர் விட்டு நிற்கிறது. புளிப்பும் இருக்கிறது. கரண்டி போட்டால் தயிர்போல் வெட்டுப்படாமல் குழைகிறது. தின்றால் கடலை வாசம். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்த பிறகு வாசம் பாதி அடங்கியது. மறு உறைக்கு இதிலேயே ஒரு கரண்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

பக்கத்திலேயே மற்றவர்களுக்கு மாட்டுத் தயிரும் உறை ஊற்றியிருந்தேன். அது ஐந்து நிமிஷ வேலை. வீகன் சாப்பாடு லேசான சாப்பாடு என்கிறார்கள். சமைக்கிறவள் அதைச் சொல்ல மாட்டாள்.

மார்ச் 26, செவ்வாய்

படித்ததில் இரண்டு.

ஒன்று, பி12. அதைச் செய்வது பாக்டீரியா, செடி அல்ல. பால், முட்டை, கறி வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருப்பதால் குறைவது உடனே தெரியாது. பிறகு கால் மதமதப்பு, சோகை என்று காட்டும். பழைய சோற்றிலேயே பி12 இருக்கிறது என்று ஆபீஸ் தோழி அடித்துச் சொல்கிறாள். அதை நம்பி நரம்பைப் பணயம் வைக்க நான் தயாரில்லை. மாத்திரை வாங்கிவிட்டேன். சுண்ணாம்புச்சத்துக்கு ராகியும் எள்ளும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, ஆனால் அத்தனையும் உடம்பில் ஒட்டாது.

இன்னொன்று, 1990-ல் ‘லான்செட்’ இதழில் டீன் ஆர்னிஷ் குழு வெளியிட்ட ஆய்வு. இதய நோயாளிகளுக்குக் கொழுப்பு மிகக் குறைந்த சைவச் சாப்பாடு, நடை, தியானம், புகைக்குத் தடை. ஓராண்டில் ரத்தக்குழாய் அடைப்பு கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. அவர்களுக்கு முட்டை வெள்ளைக்கருவும், கொழுப்பு நீக்கிய பாலோ தயிரோ தினம் ஒரு கப்பும் அனுமதி! அப்படியென்றால் என் கடலைத்தயிர்ப் பாடு வீணா? இல்லை. கொழுப்பு நீக்கிய பாலில் தொடங்கினால் கொழுப்போடு உள்ள பாலில் போய் முடியும். என் கை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 25, வியாழன்

ஈரோடு கொதிக்கிறது, 42 டிகிரி என்கிறார்கள். கம்பங்கூழில் கடலைமோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தேன். முதல் முறையாக, மாட்டு மோர் என்ற நினைப்பே வரவில்லை. சூட்டிலும் பசியிலும் நாக்குக்கு ஆராய்ச்சி ஓடாது.

மே 13, திங்கள்

எல்டிஎல் 139. நடையும் கொள்ளும் கீரையும் சேர்ந்த கணக்கு இது. பால் விட்டதற்கு இதில் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. “நல்லா எறங்கியிருக்கு, ஆனா போதாது” என்றார் டாக்டரம்மா. அப்பாவின் கதையை வைத்துச் சின்ன அளவில் மாத்திரை எழுதிவிட்டார். எனக்கு வருத்தமில்லை. கல்லீரல் தானே உற்பத்தி செய்வதைக் களியும் கீரையும் எவ்வளவுதான் தடுக்கும்? சாப்பாடு ஒரு பங்கு இறக்கியது, மீதியை மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும்.

“மாத்திரை போடறீங்கல்ல, கொழுப்பு எடுத்த பால் குடிக்கலாமே” என்றார். வேண்டாமுங்க என்றேன். எடையும் குறைந்திருக்கிறது, மத்தியானத் தூக்கமும் வருவதில்லை. இப்போது எதற்கு மறுபடி பேரம்?

மகள் இப்போதெல்லாம் கூப்பிடாமலே உப்புப் பார்க்க வந்துவிடுகிறாள். காரத்துக்கும் தானே பொறுப்பு என்று எடுத்துக்கொண்டதில்தான் அவருக்கு வயிறு எரிகிறது.