அக்கா கொண்டுவந்த பெட்டி

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களுக்கு ஆடி மாதம் இரண்டு விதமாக அமையும். காவிரியில் தண்ணீர் அளவாக வந்தால், ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் நாலு காசு பார்க்கலாம். கர்நாடகத்தில் மழை பலத்து, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் உபரி நீரைத் திறந்துவிட்டால், அருவிகள் இருக்குமிடமே தெரியாமல் வெள்ளம் போகும். பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, வெள்ளம் வடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படித் தடை போட்டிருந்த நாட்களில்தான், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு பரிசல்காரர் வீட்டில் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டும் வேலை நடந்தது. இளைய மகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு இளநிலை வேளாண்மைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், ஐந்து ஆடுகள், ஒரு பரிசல். இதை வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டில் வந்த இடம் அது. மருத்துவப் படிப்புக்கு 2020-ல் வந்த இந்த ஒதுக்கீடு, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு 2021-ல் விரிவாக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அதனால் பணத்துக்குக் கவலையில்லை என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

கவலை ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. வெளியூரில் பொறியியல் படித்த சொந்தக்காரப் பையன் ஒருவன், விடுதிக்கு என்னென்ன வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்திருந்தான். சக்கரம் வைத்த சூட்கேஸ், மெத்தை, தலையணை, மேசை விளக்கு, மின்சாரக் கெட்டில், ஷூ, ஆறு செட் புதுத்துணி. தர்மபுரிக் கடைகளில் விசாரித்துக் கூட்டிப் பார்த்தால் 15,000 ரூபாயைத் தாண்டியது.

"படிப்புக்குச் செலவில்லைன்னாங்க. பெட்டிக்கே இவ்வளவா?" என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பரிசல் ஓடவில்லை. நிலக்கடலை இன்னும் செடியில் இருக்கிறது. கையில் இருந்தது களைக்கூலிக்குப் போய்விட்டது. வட்டிக்கு வாங்குவதா, சினை ஆட்டை விற்பதா என்று இரண்டு நாள் யோசித்தார். சினை ஆட்டை விற்க அம்மா ஒப்பவில்லை. "அது போட்டா ரெண்டு குட்டி. அதை வித்துட்டு அடுத்த வருசம் என்ன பண்றது?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான்.

செய்தி தெரிந்து, பென்னாகரத்தைத் தாண்டி வாக்கப்பட்டுப் போயிருந்த அக்கா பஸ் ஏறி வந்தாள். இடுப்பில் குழந்தை. கூட வந்த கொழுந்தன் தலையில் ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி. கல்யாணத்தின்போது அப்பா சீராகக் கொடுத்த பெட்டி அது. உள்ளே இருந்த துணியையெல்லாம் புகுந்த வீட்டில் கொட்டிவைத்துவிட்டு, காலிப் பெட்டியோடு வந்திருந்தாள்.

"எலி கடிக்காது, மழை நனைக்காது, பூட்டு இருக்கு. இதுக்கு மேல சூட்கேஸ் எதுக்கு?" என்று வாசலில் வைத்தாள்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 2019-ல். பள்ளியில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. மேலே படிக்க ஆசைப்பட்டாள். விடுதிக்கும் கட்டணத்துக்கும் அன்றைக்கு வீட்டில் வழியில்லை. ஒரு வருடம் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போனாள். அடுத்த வருடம் கல்யாணம். அவள் பள்ளியை விட்டு இரண்டு வருடம் கழித்து ஒதுக்கீடு வந்தது. அப்பாவுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

"உனக்கும் செஞ்சிருக்கணும் கண்ணு" என்றார், பெட்டியைப் பார்த்தபடி.

"இப்ப அதைப் பேசி என்னப்பா ஆவுது? மொதல்ல அவளோட பாஸ்புக்கை எடுங்க" என்றாள் அக்கா.

துணியை அடுக்குவதற்கு முன்னால் காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதுதான் அந்த வீட்டைக் காப்பாற்றியது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் கொடுத்த சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படங்கள் எல்லாவற்றையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் அப்பாவின் தலைப்பெழுத்து இருந்தது. வங்கிப் புத்தகத்தில் அது இல்லை. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருந்தது.

சின்ன விஷயம்தான். ஆனால் உதவித்தொகை நின்றுபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன விஷயத்தில்தான். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது. கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும்; பெயரும் ஒத்திருக்க வேண்டும். கிளம்புவதற்குப் பத்து நாள் இருந்ததால் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் நடந்து சரிசெய்ய முடிந்தது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஐந்து நகல் எடுத்து, அசலைத் தனி உறையில் போட்டார்கள். அந்த உறை பெட்டிக்குள் போகவில்லை. மகள் தோளில் மாட்டும் பைக்குள் போனது.

அடுத்தது சாப்பாடு. "பத்து கிலோ கேவுரு மாவு அரைச்சுத் தரேன். களி கிண்டித் தின்னட்டும்" என்றாள் ஆயா. விடுதி அறையில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பது ஆயாவுக்குத் தெரியாது. களி தின்றவள் களைக்கொத்து பிடித்தால் சாயங்காலம் வரை சோர மாட்டாள் என்பது தெரியும்.

மாவை மொத்தமாக அரைத்துக் கொடுத்தால் சிக்குவாடை அடித்துவிடும். கேழ்வரகைத் தானியமாக வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. மாவாக்கினால் அப்படி இல்லை. கடைசியில் சமைக்காமல் சாப்பிடக்கூடியதாக யோசித்தார்கள். வறுத்த கேழ்வரகு மாவில் வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டை, கடலை உருண்டை, விடுதிச் சோற்றில் போட்டுப் பிசைந்துகொள்ளக் கொள்ளுப்பொடி. கொள்ளை நன்றாகக் காயவைத்து, வாசம் வரும்வரை வறுத்து, முழுதாக ஆறிய பிறகுதான் அரைத்தார்கள். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

துணியில்தான் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம். நான்கு பேர் பார்க்கிற இடத்துக்குப் பழசைக் கொண்டுபோவதா என்று அம்மா கேட்டாள். வேளாண்மைப் படிப்பு என்றால் வகுப்பறை பாதி, வயல் பாதி. மண்வெட்டி பிடிக்க வேண்டும், நாற்று நட வேண்டும், பூச்சி பிடிக்க வேண்டும். அதற்கு வெளுத்த பருத்தி சுடிதார்தான் சரி. புதிதாக இரண்டு செட் போதும் என்று முடிவானது. ஒரு தொப்பி, ஒரு குடை, சேறு பட்டால் கழுவக்கூடிய செருப்பு, ஜமுக்காளம், போர்வை, தட்டு, டம்ளர், வாளி. எல்லாம் வீட்டிலேயே இருந்தவை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு, பிறகு பார்சலில் அனுப்பலாம் என்று வைத்தார்கள்.

சினை ஆடு தப்பித்தது. ஒரு கிடாக்குட்டியை மட்டும் விற்றார்கள். புதுத்துணிக்கும், இரண்டு பேர் போக வரச் செலவுக்கும், மகள் கையில் கொஞ்சம் கொடுப்பதற்கும் அது போதுமாக இருந்தது. வட்டிக்கு வாங்கவில்லை.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் பெட்டியைப் பூட்டி, ஒரு சாவியை மகளிடமும் ஒரு சாவியை அம்மாவிடமும் கொடுத்தாள் அக்கா. ஆயா எங்கிருந்தோ ஒரு முடிச்சில் ஒரு பிடி கொள்ளு விதை கொண்டுவந்து, "அங்க பாத்தி குடுத்தா இதைப் போட்டுப் பாரு, நம்ம மண்ணு வெத" என்று பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பூட்டிய பெட்டியை மறுபடி திறந்தார்கள்.

"பெட்டியை எப்பக்கா திருப்பித் தரணும்?" என்று கேட்டாள் தங்கை.

"நாலு வருசம் இருக்கட்டும். அதுக்கப்புறம் என் மவளுக்கு வேணும்" என்றாள் அக்கா, இடுப்புக் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டே.

தர்மபுரி, சேலம், பிறகு கோயம்புத்தூர். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ்ஸில் பெட்டியை ஏற்றும்போது நடத்துநர் முறைத்தார் என்று அப்பா வந்து சொன்னார். விடுதியில் இன்னும் சில டிரங்குப் பெட்டிகளைப் பார்த்தாராம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. மறுவாரம் தண்ணீர் குறைந்து, தடை நீங்கி, பரிசல் மறுபடியும் ஆற்றில் இறங்கியது.

அந்தப் பெண் இறுதியாண்டில் இன்னொரு முறை பெட்டி கட்டுவாள். வேளாண்மை படிக்கும் மாணவர்கள் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். வரப்பில் நோட்டும் கையுமாக வந்து நிற்கிற அந்தப் பிள்ளைகளை நம் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை யாராவது வந்தால் ஒரு சொம்பு மோர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை வந்த வீட்டிலும் ஓர் ஆட்டுக்குட்டி குறைந்திருக்கலாம்.