அப்பாவின் ஊசிகள்

ஜார்ஜ் ஆர்வெல்லின் இறுதி ஆண்டுகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அப்பாவின் நினைவு வந்துவிடுகிறது. 1948-இல் ஸ்காட்லாந்தின் ஹேர்மயர்ஸ் மருத்துவமனையில் காசநோயோடு படுத்திருந்த ஆர்வெல்லுக்காக, பிரிட்டனில் அப்போது அரிதாயிருந்த ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டது. சில வாரங்களில் தோல் சிவந்து உரிந்தது, வாயெல்லாம் புண், முடி கொட்டியது, நகங்கள் சிதைந்தன. மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் அவர் மறைந்தார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். 1973-இல் அவருக்கும் அதே மருந்துதான். விழுங்கினால் குடலிலிருந்து இரத்தத்தில் சேராது என்பதால் ஊசியாகவே போட வேண்டும். தினமும் காலையில் கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். கண்ணாடிச் சிரிஞ்சு கொதிநீரில் கலகலக்கும் ஓசையில்தான் நாங்கள் மூவரும் விழிப்போம். மொத்தம் 90 ஊசிகள். இருமல் அடங்கியது, எடை கூடியது. அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டாள்.

தலை சுற்றுகிறது, காதுக்குள் வண்டு இரைகிறது என்று அப்பா பாதியிலேயே சொல்லியிருந்தார். பலவீனம் என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஊசி தொடர்ந்தது.

பிறகு தள்ளாட்டம் வந்தது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டால் சுவரைத் தடவியபடிதான் நடப்பார். தமிழகத்தில் மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டிருந்த காலம் அது; ஊர் என்ன முடிவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அதைவிட அவப்பெயர் வேறில்லை. ஒரு மாலை, நண்பர்களோடு நின்றிருந்த நாங்கள், தெருக்கோடியில் அவர் ஆடியாடி வருவதைக் கண்டதும் பக்கத்துச் சந்தில் நுழைந்துகொண்டோம். மூவருமே. யாரும் யாரையும் தடுக்கவில்லை.

காது ஏறக்குறைய அடைந்துபோன பிறகு, 1991-இல், காது மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே "முன்னே எப்பவாவது டி.பி. ஊசி போட்டிருக்கா?" என்பதுதான். உட்செவியின் நுண்மயிர் செல்களை அந்த மருந்து அழிக்கக்கூடும், அவை மறுபடி முளைப்பதில்லை, பெரும்பாலும் சமநிலைதான் முதலில் போகும், வெளிச்சம் இருக்கும்வரை கண் அக்குறையை ஈடுகட்டிவிடும் என்றார். காதையும் சிறுநீரகத்தையும் இடையிடையே சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்தாம். இரண்டாம் முறை சிகிச்சை பெறுவோருக்கு இந்த ஊசியைச் சேர்த்துக் கொடுத்துவந்த வழக்கமான முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் சொன்னது.

மருத்துவர் சொன்னதை ஒரு தாளில் எழ்திக் காட்டினோம். அப்பா கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். "அந்த ஊசி இல்லாட்டா உங்களை யாருடா படிக்க வச்சிருப்பா?" என்றார், தேவைக்கு மீறிய உரத்த குரலில்.

சந்தில் ஒளிந்ததை எழுதிக் காட்ட எங்களுக்குக் கை வரவில்லை. மூன்று கட்டை டார்ச் ஒன்று எப்போதும் அவர் தலைமாட்டில் இருக்கும். பௌர்ணமியன்றும் அதை ஏந்திக்கொண்டுதான் கொல்லைப்புறம் போவார்.