பட்டினி கிடக்கும் குட்டி

குட்டி மலைப்பாம்பு தின்ன மறுக்கிறது என்று யாராவது போன் செய்தால், பெட்டி எந்த அறையில் இருக்கிறது, அந்த அறை மத்தியானத்தில் எவ்வளவு கொதிக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். எலிப் பேச்சு அப்புறம். அக்னி நட்சத்திரத்தில் விருத்தாசலம் 40 டிகிரியைத் தாண்டும். பீங்கான் பட்டறைப் பக்கம் குடியிருந்தால் சூளைக் காங்கையும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுப் புத்தகங்கள் பாம்புப் பெட்டியைச் சூடேற்றும் வழியைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நம் ஊரில் பாதி வருஷம் அதைக் குளிர வைப்பதே பெரும்பாடு.

நான் சொல்வது பால் பைத்தான் பற்றி. கானா, டோகோ, பெனின் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. இதை வளர்ப்பவர்கள் 2024ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும். நம்மூர் மலைப்பாம்பின் கதையே வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. குட்டியானாலும் வீட்டில் வைத்திருந்தால் ஜெயில்தான். “அண்ணே, கரும்பு வெட்டுறப்ப ஒரு குட்டி கெடச்சுது, எலி போட்டா திங்குமா?” என்று வரும் பையன்களிடம், வனத்துறைக்குப் போன் போடு என்பதோடு பேச்சை முடித்துவிடுவேன்.

முட்டையை விட்டு வந்த குட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கும். அதுவரை வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே போதும். கண் மங்கிக் கிடக்கும் நாட்களிலும் எதையும் நீட்டக் கூடாது.

பயந்த குட்டி தின்னாது. அச்சில் சிலிப் என்னும் களிமண் கரைசலை ஊற்றிப் பொம்மை எடுப்பது என் பிழைப்பு என்பதால், அது ஒளிய ஓர் இடம் செய்வது எனக்குச் சுலபம். கிளேஸ் போடாமல், பிஸ்கட் என்னும் முதல் சூளைச் சூட்டோடு நிறுத்திய கிண்ணம். கவிழ்த்து வைத்தால், சுருண்ட பாம்பின் முதுகில் அதன் கூரை உரச வேண்டும். விளிம்பில் இரண்டு விரல் நுழையும் வாசல் போதும். பார்க்க அழகாக இருக்கிறதென்று பெரிதாக வாங்கி வைக்கிறார்கள். அதில் குட்டிக்கு வெட்டவெளியில் கிடப்பதுபோல்தான் இருக்கும். கிளேஸ் இல்லாத மண் தண்ணீரை உறிஞ்சும். அது ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் நிற்கும். பெட்டியின் ஒரு முனை 32 டிகிரி, மறுமுனை 26 அல்லது 27, ஈரப்பதம் 60 சதவீதம் என்று அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் எலி. வெள்ளெலி நமக்கு எலி; காட்டு வழியில் வந்த குட்டிக்கு அது இரையென்றே தெரியாமல் போகலாம். தென்கிழக்கு நைஜீரியாவில் நடந்து 1998ல் வெளியான ஓர் ஆய்வில், 70 செ.மீ.க்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்றிருந்தன. அதனால்தான் பிடிவாதக் குட்டிக்குக் கொடுக்கும் சுண்டெலியைக் கோழிக்குஞ்சின் மெல்லிறகில் நன்றாகத் தேய்த்துக் கொடுக்கிறேன். பாலும் முட்டையும் வைத்துப் பாருங்கள் என்று யோசனை சொல்ல தெருவுக்கு நாலு பேர் உண்டு. பாம்புக்குத் தண்ணீர் போதும்.

உறைந்த சுண்டெலியைக் கவரோடு வெந்நீரில் போட்டு, உள்வரை இளகியதும் எடுத்துத் துடைக்க வேண்டும். தலைப்பக்கம் உடம்பைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கட்டும்; உதட்டோரக் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் பாம்பு குறிவைக்கும். இருட்டிய பிறகு, இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து வாசலுக்குச் சற்றுத் தள்ளிக் காட்டுவேன். மூஞ்சியில் இடித்தால் அன்றைய கதை முடிந்தது. நாக்கு நிதானமாக வெளியே வந்து மேலும் கீழும் அசையும். கழுத்து மெல்லப் பின்னால் மடியும். கை வலித்தாலும் அசையக் கூடாது. கவ்விச் சுற்றிக்கொண்டால் செல்போன் வெளிச்சம்கூட வேண்டாம். விட்டுவிட்டு ஓடும் குட்டிகள் உண்டு. கவ்வவே இல்லையென்றால் எலியைக் கிண்ணத்தின் வாசலில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். காலையில் சில சமயம் இருக்காது.

தினமும் நீட்டுவது வதை. வாரம் ஒருமுறை போதும். கூடவே கிராம் தராசில் ஒரு நிறுவை. எடை நின்றால் காத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாயைப் பிளந்து திணிப்பதற்கு நான் உடன்படுவதில்லை. பர்மிய மலைப்பாம்பில் ஆராய்ந்திருக்கிறார்கள்: இரை விழுந்த இரண்டே நாளில் இதயம் சுமார் 40 சதவீதம் பெருக்கிறது, குடலும் பருக்கிறது, செரித்ததும் எல்லாம் சுருங்கிவிடுகிறது. பட்டினிக்கென்றே வாய்த்த உடம்பு. நம் பதற்றத்துக்காகத் திணித்தது பெரும்பாலும் திரும்பி வரும். பயம் மட்டும் உள்ளே தங்கிவிடும்.

முதல் எலி உள்ளே போனதும் வீட்டில் எல்லோரும் தூக்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது. அடுத்த வாரமும் அதே அளவு எலி, அதே இறகு வாடை, அதே நேரம். நாலைந்து தடவை ஒழுங்காகத் தின்றால், இறகில் தேய்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பேன்.