ஏரிக்கரையில் கற்ற பாடம்

மத்ரஸாவில் அல் ஆதியாத் அத்தியாயத்திற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். விரைந்தோடும் குதிரைகளின் பெயரால் அமைந்த அத்தியாயம் அது. பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "உஸ்தாத், நீங்கள் குதிரையில் ஏறியிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டான். இருபது ஆண்டுகளாக நடத்திவரும் பாடம். குதிரையைத் தொட்டதுகூட இல்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அக்கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. கோடை விடுமுறையில் என் பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு கொடைக்கானல் சென்றேன். 1863-இல் மதுரை மாவட்ட ஆட்சியர் லெவிஞ்ச் அமைத்த ஏரி, 2,100 மீட்டர் உயரத்தில் நட்சத்திர வடிவில் விரிந்து கிடக்கிறது. அதைச் சுற்றிச் செல்லும் சாலையோரத்தில் குதிரைகள் வாடகைக்கு நிற்கின்றன. முதியவரான குதிரைக்காரர் ஒருவரிடம், "சவாரி மட்டும் போதாது ஐயா, முறையாக ஏறவும் கற்றுத் தாருங்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"பின்னால போய் நிக்காதீங்க பாய்" என்பதே அவருடைய முதல் எச்சரிக்கை. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நேர் பின்புறம் அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் உதைத்துவிடும். எனவே தோள்பக்கமாக, குரல் கொடுத்தபடி நெருங்க வேண்டும். காதுகளைப் பின்னோக்கி மடித்து ஒட்டிக்கொண்டால் சினம் கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏறுமுன் சேணத்தின் வயிற்று வார் இறுக்கமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். அங்கவடியின் நீளத்தை அளக்கவும் வழி உண்டு. விரல் நுனியை வார் தொங்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். ஏறுவது இடப்புறமாக. இடக்காலை அங்கவடியில் ஊன்றி, வலக்காலைச் சுழற்றிப் போட்டு, மெல்ல அமர வேண்டும். முன்பாதம் மட்டுமே அங்கவடியில் இருக்கலாம். குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். தவறி விழுந்தால் கால் சிக்கிக்கொள்ளாது. முதுகு நிமிர்ந்து, பார்வை முன்னோக்கி இருத்தல் நலம். தலைக்கவசம் அணியாமல் ஏறியது எங்கள் பிழை. கற்க விரும்புவோர் அதைத் தவிர்க்கலாகாது.

வாகனம் ஏறும்போது ஓதும் துஆவை ஓதி அமர்ந்தேன். நா உலர்ந்தது. குதிரை அடியெடுத்து வைத்ததும் அச்சத்தில் கடிவாளக் கயிற்றை என்பால் இழுத்துப் பிடித்தேன். அது தலையை உதறிப் பின்வாங்கியது. நான் மேலும் இழுத்தேன். அது மேலும் மிரண்டது.

"கயித்தை விடுங்க பாய்! அது வாயில இரும்பு கிடக்கு. நீங்க இழுத்தா வலிக்காதா? வலிச்சா எப்படி நடக்கும்?" என்று பெரியவர் அதட்டினார்.

கையைத் தளர்த்தினேன். குதிரை பெருமூச்சு விட்டு, நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்க, சீராக நடந்தது. முன்னால் சென்ற என் மகனோ கயிற்றை இலேசாகப் பிடித்தபடி குதிரையோடு பேசிக்கொண்டே போனான்.

அவனைப் பார்த்தபடி செல்கையில் ஒன்று நினைவுக்கு வந்தது. தாயிடம் தடையின்றி ஓதும் அவன், என் முன் அமர்ந்தால் திக்குவான். ஒவ்வோர் எழுத்துக்கும் நான் இடைமறிப்பேன். கவனக்குறைவு என்றே கடிந்திருக்கிறேன். இழுத்தது என் கைதான் என்பது அன்றுதான் விளங்கிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம் காயல் துறைமுகத்திற்கு ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். பேணும் முறை அறியாமையால் பல மடிந்ததாகவும் எழுதியுள்ளார். பெரும்பொருள் கொடுத்து வாங்கினாலும், இயல்பறிந்து பேணாவிடில் நிலைப்பதில்லை.

இறங்கும்போது இரு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, இடப்புறமே இறங்கினோம். மகன் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான்.

அன்றிரவு விடுதியில் அவனை ஓதச் சொன்னேன். ஓரிடத்தில் தடுமாறி என் முகத்தைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அவனே திருத்திக்கொண்டு இறுதிவரை ஓதி முடித்தான், அல்ஹம்துலில்லாஹ்.