பெட்டி கட்டும் படலம்

கடல் கடந்து கல்வி கற்கச் செல்வது நம்மவர்க்குப் புதியதன்று. சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869 இல். அதற்கு மறு ஆண்டே பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜுக்குக் கற்கச் சென்றார். அந்நாளில் கப்பற் பயணம் வாரக் கணக்கில் நீண்டது. இன்றோ ஒரு நாளிலே இலண்டனை அடைந்துவிடலாம். ஆயினும் பெட்டி கட்டும் படலம் சுருங்கியபாடில்லை. சென்ற ஆண்டு ஆவணி மாதக் கடைசியில் எம் தமக்கையின் மகன் கிளாஸ்கோ சர்வகலாசாலைக்குப் புறப்பட்டபோது இதனை நாம் நேரிற் கண்டோம்.

அவனுடைய பயணச்சீட்டிலே பெட்டிக்குக் குறித்திருந்த நிறை 30 கிலோ. தமக்கையாரோ ஒரு மாதமாகப் பொருள் சேர்த்திருந்தார். வீட்டிலே வறுத்து இடித்த கறித்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி, பருத்தித்துறை வடை, ஒரு போத்தல் நெய் எனக் கூடம் நிறைந்திருந்தது. பாலுணவும் இறைச்சியும் இங்கிருந்து பிரித்தானியாவுக்குள் கொண்டுசெல்லத் தடையுண்டு என்று நாம் எடுத்துரைக்க, நெய் அடுக்களைக்கு மீண்டது. குளிருக்கான மேலங்கியை அவ்வூர்க் குளிரை அறிந்த கடையிலேயே வாங்குதல் நன்று என்றோம். கடவுச்சீட்டு, அனுமதிக் கடிதம், ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்குவோர் இங்கிருந்தே பெற்றுச் செல்லவேண்டிய காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கைப்பையில் வைப்பித்தோம். பெட்டி தவறினாலும் இவை தவறலாகாது அன்றோ?

முதலாண்டுக் கட்டணத்துக்காக வீட்டு வளவின் உறுதி வங்கியில் ஈடாக இருந்தது. அதைப் பற்றி எவரும் அன்று பேசவில்லை.

முழங்கால் நோவினால் தமக்கையார் உடன் வரவில்லை. மாலையிலே வான் புறப்பட்டது. ஆனையிறவின் நீர்ப்பரப்பு இருளில் மறைந்தது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வழக்கம்போலக் கச்சானும் வாங்கினோம். வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் கடந்து, விடியுமுன் நீர்கொழும்பிலே நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினோம். அங்கிருந்த தூக்குத் தராசிலே பெட்டியை மாட்டினால், 34 கிலோ! புறப்படுமுன் வீட்டிலேயே நிறுக்காதது எம் பிழை.

பிள்ளை சற்று நேரம் பெட்டியைப் பார்த்து நின்றான். பின்பு கறித்தூட் பொதியையும் புழுக்கொடியலையும் எடுத்து வெளியே வைத்து, "மாமா, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றான்.

அப்போதுதான் பெட்டியின் அடியிலே கிடந்த இரண்டு தடித்த கணித நூல்கள் எம் கண்ணிற் பட்டன. நாமே ஆசையோடு வைத்தவை. மரியாதையின் பொருட்டு அவற்றை அவன் தொடவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்வி புகட்டும் அச்சர்வகலாசாலையின் நூல்நிலையத்திலே கணித நூலுக்கா பஞ்சம்? வளவை ஈடு வைத்த தாய் இடித்த தூளோ அந்நகரத்துக் கடை எதிலும் கிடையாது. நூல்களை எடுத்துவிட்டுப் பொதிகளை மீண்டும் வைத்தோம். தராசு 30 இலே நின்றது.

கட்டுநாயக்காவில் அவனை வழியனுப்பி ஊர் திரும்பியதும், "எல்லாம் கொண்டுபோனானோ, தம்பி?" என்று தமக்கையார் கேட்டார்.

"நீங்கள் வைத்ததெல்லாம் கொண்டுபோனான், அக்கா" என்றோம்.

நூல்கள் இரண்டும் எம் அலுமாரியில் இருக்கின்றன. பிள்ளைகளை அனுப்பும் பெரியோர், பெட்டியை வீட்டிலே ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்களாக. அதிலே தம் ஆசையின் நிறை எவ்வளவு என்பதையும் கூடவே பார்ப்பார்களாக.